ஜாங்கிரிக்கு நன்னடத்தைச் சான்றிதழ்

எங்கள் வெங்கமேட்டு நகரில் நாய் வளர்ப்போர் சங்கம் என்று ஒன்று உண்டு. தலைவர், துணைத் தலைவர், செயலாளர், உறுப்பினர் என்று நான்கு பேர். நாய் ஒன்றே ஒன்று. அதுவும் உறுப்பினருடையது. மற்ற மூவருக்கும் பதவி இருப்பதால் நாய் வளர்க்க நேரம் கிடைக்கவில்லை.

அந்த உறுப்பினர் எங்கள் எதிர்வீட்டு ஆறுக்குட்டி. சாக்கடை ஓரம் நடுங்கிக் கிடந்த ஒரு குட்டியை லுங்கி மடிப்பில் போட்டு எடுத்துவந்தவர். வால் சுருண்டு சுருண்டு இருந்ததால் ஜாங்கிரி என்று பெயர் வைத்தார். அவர் மனைவி மயிலாத்தாள் ஒரு நாள் முழுக்கச் சத்தம் போட்டாள், மறுநாள் அவளே பால் ஊற்றினாள். மழையில் நனைந்துவிட்டு வந்தால் ஆறுக்குட்டி அதை வாசல் திண்டில் ஏற்றி நிறுத்தித் தலை துவட்டிவிடுவார். நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன். எனக்கு இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் ஒரு துண்டு எடுத்துக் கொடுத்ததில்லை. அது கிடக்கட்டும்.

ஜாங்கிரியிடம் ஒரே ஒரு குறை. யாரைப் பார்த்தாலும் அதற்குச் சந்தோஷம் வந்துவிடும். சந்தோஷம் வந்தால் ஆள் மேல் பாய்ந்து ஏறிவிடும்.

நகர் நலச் சங்கத் தலைவர் முத்துவேலப்பன், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் எல்லாருக்கும் அவர் மேனேஜர்தான். மகள் கல்யாணப் பத்திரிகை வைக்கப் பளபளவென்று வேட்டி கட்டிக்கொண்டு ஆறுக்குட்டி வீட்டுக்கு வந்தார். ஜாங்கிரிக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. வேட்டியில் இரண்டு கால் தடம், சட்டையில் இரண்டு கால் தடம், மூக்கில் ஒரு நக்கு.

"இனி பொறுக்க முடியாது" என்றார் மேனேஜர், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "பதினஞ்சு நாள் தர்றேன். ஞாயித்துக்கிழமை காலைல பள்ளிக்கூட மைதானத்துல நானே பரீட்சை வைப்பேன். சொன்னா உக்காரணும். வந்தவங்க மேல தாவக் கூடாது. தேறினா சான்றிதழோட இங்கயே இருக்கட்டும். தேறலைன்னா ஆனைமலைப் பக்கம் உங்க மச்சினன் தோட்டம் இருக்குதே, அங்க கொண்டுபோய் விட்ரணும்."

ஆறுக்குட்டி இரண்டு நாள் சாப்பிடவில்லை. "அது காலடில படுக்கலைன்னா எனக்குத் தூக்கமே வராதுங்க" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் நாய் வளர்ப்போர் சங்கம் கூடி, கோயம்புத்தூரிலிருந்து ஸ்டீபன் மாஸ்டர் என்ற நாய்ப் பயிற்சியாளரைத் தினமும் காலையில் வந்து வகுப்பு எடுக்க ஏற்பாடு செய்தது.

மாஸ்டர் போனிலேயே தைரியம் சொன்னார். "நாயைப் பத்திக் கவலையே வேண்டாம் சார். நாய்க்குப் பயிற்சியே கிடையாது. பயிற்சி எல்லாம் வளர்க்கிறவங்களுக்குத்தான்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான்கு பேரும் குளித்து, திருநீறு பூசி, மைதானத்தில் வரிசையாக நின்றார்கள்.

"நாய் எங்க சார்?" என்றார் மாஸ்டர்.

"தூங்குதுங்க" என்றார் ஆறுக்குட்டி.

"தூங்குதா? அப்ப எதுக்கு வந்தீங்க?"

தலைவர் தீர்த்தகிரி ஓர் அடி முன்னால் வந்தார். மின்வாரியத்தில் மீட்டர் குறித்தவர். எதையும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். மாஸ்டரின் முகத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாய்க்குப் பயிற்சி இல்லைன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. எங்களுக்குத்தானேன்னு நாங்க வந்துட்டோம்."

மாஸ்டர் நல்ல மனிதர். சிரித்துவிட்டு, வந்ததற்கு ஒன்றாவது கற்றுக்கொள்ளட்டும் என்று உட்கார வைக்கும் முறையைக் காட்டினார். பிஸ்கட்டை மூக்குக்கு நேராகப் பிடித்து மெல்ல மேலே தூக்க வேண்டும். தலை நிமிரும், பின்பக்கம் தானாகத் தரையில் படும். பட்டவுடன் பிஸ்கட்டை வாயில் கொடுத்துவிட வேண்டும்.

பழகிப் பார்க்க நாய் இல்லையே என்று தலைவரை நடுவில் நிறுத்திக்கொண்டார்கள். துணைத் தலைவர் நஞ்சப்பன் பிஸ்கட்டை அவர் மூக்குக்கு நேராகப் பிடித்துத் தூக்கினார். தலைவர் அண்ணாந்தார், உட்கார்ந்தார், வாங்கித் தின்றார். ஒன்பது தடவை. ஒரு தடவைகூடத் தவறவில்லை. அன்று மாலை அவருக்குச் சர்க்கரை இருநூற்றெண்பது. அவர் வீட்டம்மா தெருவில் நின்று கத்தியதில் என் பால் பொங்கி வழிந்தது.

மறுநாளிலிருந்து ஜாங்கிரியையும் அழைத்துப் போனார்கள். அது தன் மேல் தாவியதைப் பார்த்துவிட்டு மாஸ்டர் சொன்னார்: "தாவினா திட்டாதீங்க, அடிக்காதீங்க, கொஞ்சாதீங்க. மரம் மாதிரி நில்லுங்க. நாலு காலும் தரையில பட்ட பிறகுதான் வாயைத் திறக்கணும்."

அன்று மதியம் செயலாளர் வையாபுரியின் ஜெராக்ஸ் கடையில் சங்கம் அவசரமாகக் கூடியது. நான் ரேஷன் கார்டு நகல் எடுக்கப் போய் அரைமணி நேரம் நின்றேன். யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

"மரம்னாரு சரிங்க. எந்த மரம்னு சொல்லலையே" என்றார் வையாபுரி.

"தென்னைதானுங்க. நிமுந்து நிக்கோணும்" என்றார் தலைவர்.

"தென்னைன்னா கையை எங்கீங்க வெச்சுக்கறது? வேம்புன்னா ரெண்டு பக்கமும் விரிச்சுக்கலாம்" என்றார் நஞ்சப்பன்.

"எனக்குத் தோள்பட்டை வலிங்க. நான் பாக்கு மரமா நின்னுக்கறேன்" என்றார் ஆறுக்குட்டி.

தலைவர் மூவரையும் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "அவங்கவங்க உடம்புக்கு ஏத்த மரமா நின்னுக்கலாம். ஆனா ஒண்ணு, முருங்கை மட்டும் ஆரும் நிக்கக் கூடாது. காத்தடிச்சா முறிஞ்சுபோகும்."

அப்படியே தீர்மானம் எழுதினார்கள். என் நகல் கறுப்பாக வந்தது.

இரண்டு நாள் கழித்து மயிலாத்தாளின் தம்பி தோட்டத்திலிருந்து வருகிறான் என்று ஆறுக்குட்டி வீட்டில் கறி எடுக்கச் சொல்லியிருந்தார்கள். வாங்கிவந்தவர் நஞ்சப்பன். கேட்டைத் திறந்ததும் ஜாங்கிரி தாவியது. நஞ்சப்பன் உடனே வேப்பமரமானார். கறிப்பை வலது கிளையில் தொங்கியது. ஜாங்கிரி ஒரே எட்டில் அதைப் பறித்துக் கீழே போட்டுத் தின்ன ஆரம்பித்தது. ஆறுக்குட்டி பாக்கு மரமாகப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, அத்தனை கறியையும் திங்குதுங்க! பாத்துட்டே நிக்கறீங்களே!" என்று மயிலாத்தாள் கரண்டியோடு ஓடிவந்தாள். இரண்டு மரங்களும் அசையவில்லை.

கடைசித் துண்டு உள்ளே போன பிறகு ஆறுக்குட்டி குனிந்து பார்த்தார். நாலு காலும் தரையில் இருந்தன. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல புள்ள! நல்ல புள்ள!" என்று அதன் தலையைத் தடவினார். மச்சினனுக்கு அன்று ரசம்.

மச்சினனோ பெருந்தன்மையான ஆள். ரசத்தைக் குடித்துவிட்டு, "அங்க கிணத்தோரமா நாய்க்குன்னு நல்ல கொட்டாயா ஒண்ணு போட்டு வெச்சுட்டேனுங் மாமா. காத்தோட்டமா இருக்கும், கவலையே படாதீங்க" என்றான். ஆறுக்குட்டி அன்றும் சாப்பிடவில்லை.

அதற்கு அடுத்த பாடம் வாசல். "எந்த வாசலா இருந்தாலும் முதல்ல நீங்க நுழையணும், நாய் பின்னாடி வரணும். அது முந்திட்டா அப்புறம் அதுதான் வீட்டுக்குத் தலைவர்" என்றார் மாஸ்டர். தீர்த்தகிரிக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. தலைவர் பதவி சம்பந்தப்பட்டது அல்லவா.

அன்றே வகுப்பு முடிந்து திரும்பும்போது கயிறு நழுவி, ஜாங்கிரி முதல் ஆளாக வீட்டுக்குள் ஓடிவிட்டது. நான்கு பேரும் வெயிலில் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"உள்ள போயிட்டவங்களுக்கு முன்னாடி எப்படீங்க உள்ள போறது?" என்றார் ஆறுக்குட்டி.

"வெளிய வரச்சொல்லி மறுபடி போகோணும்."

"கூப்பிட்டா வர்ற நாயா இருந்தா நாம எதுக்குங்க வகுப்புக்குப் போறோம்?"

கடைசியில் என் வீட்டு ஏணியை எடுத்துக்கொண்டுபோய் மொட்டை மாடியில் ஏறி, மாடிப்படி வழியாக இறங்கினார்கள். மாடி வழி வந்தால் வாசல் கணக்கில் வராதாம். அவர்கள் இறங்கியதும் ஜாங்கிரிக்குச் சந்தோஷம் வந்து வெளியே ஓடியது. அதைப் பிடிக்க இவர்களும் வெளியே ஓடினார்கள். அது மறுபடி முந்திக்கொண்டு உள்ளே போனது. மறுபடி ஏணி. மூன்றாவது தடவை தலைவர் நடுப்படியில் மாட்டிக்கொண்டு, மேலேயும் போக மாட்டேன் கீழேயும் வர மாட்டேன் என்றார். என் ஏணிக்கு ஒரு படி போயிற்று. அதைப் பற்றி இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பிறகு வையாபுரிக்கு ஒரு யோசனை உதித்தது. "கதவு இருக்கறதாலதானுங்க அது வாசல். கதவைக் கழட்டிட்டா அது வெறும் சந்துதானே? சந்துல ஆரு முந்தினா என்னங்க?"

கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டார்கள். மயிலாத்தாள் ஒரு பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டாள். கதவே இல்லாத வீட்டில் அவள் நன்றாகத் தூங்கினாள், எதிர்வீட்டில் எனக்குத்தான் தூக்கம் போயிற்று. திருடன் என்ன ஒரு வீட்டோடு நிறுத்திக்கொள்வானா?

இதற்குள் பதினைந்து நாளில் பாதி ஓடிவிட்டது. ஜாங்கிரி ஒரு தடவைகூட உட்காரவில்லை. ஆறுக்குட்டி காலையிலிருந்து "உக்காரு, உக்காரு, உக்காரு" என்று தொண்டை கட்டும்வரை சொல்வார். அது அவர் முகத்தையே பார்த்து வாலை ஆட்டும். மாஸ்டருக்கே கோபம் வந்துவிட்டது.

"சார், இத்தனை தடவை சொல்லக் கூடாது. ஒரு தடவை. ஒரே ஒரு தடவைதான் சொல்லணும்."

செவ்வாய்க்கிழமை காலை ஆறுக்குட்டி சட்டையைச் சரிசெய்துகொண்டு, தெளிவாக, ஒரே ஒரு தடவை "உக்காரு" என்றார். ஜாங்கிரி காதைச் சொறிந்துகொண்டது. ஆறுக்குட்டி வாயை மூடிக்கொண்டார். மாலைவரை அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. ஜெராக்ஸ் கடையில் மறுபடி கூட்டம்.

"ஒரு தடவைன்னா ஒரு நாளைக்குங்களா, ஆயுசுக்குங்களா?"

"ஒரு நாளைக்குன்னு மாஸ்டர் சொல்லலையே."

"அப்ப ஆயுசுக்குத்தான்."

"அவரையே கேட்டுப்போடலாமுங்களா?"

"ஒரே ஒரு தடவைன்னு அவரே ரெண்டு தடவை சொல்லிட்டாருங்க. மூணாவது தடவை கேட்டா அவருக்கு என்ன மரியாதை?" என்றார் தலைவர்.

ஆறுக்குட்டி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "என்னோட தடவை முடிஞ்சுபோச்சுங்களே. இனி நான் சாகற வரைக்கும் அதை உக்காரச் சொல்ல முடியாதே."

"நாங்க மூணு பேரு இருக்கறமல்லோ" என்றார் நஞ்சப்பன், தோளில் தட்டி.

மூன்று பேரும் ஆளுக்கொரு தடவை சொன்னார்கள். ஜாங்கிரி ஆளுக்கொரு தடவை வாலை ஆட்டியது. அத்தோடு சங்கத்தின் கையிருப்பு தீர்ந்தது. ஆனால் நகரில் நாற்பத்து மூன்று வீடு இருக்கிறதே. மறுநாளே ஒரு தாம்பாளத்தில் பிஸ்கட்டும் குங்குமமும் வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு அழைப்பதுபோல வீடு வீடாகக் கிளம்பிவிட்டார்கள்.

"குடும்பத்தோட வந்து ஆளுக்கொரு தடவை உக்காருன்னு சொல்லிப்போட்டுப் போகோணுமுங்க. வராம இருந்துறாதீங்க."

தாம்பாளம் வைத்து அழைத்த பிறகு போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. எல்லோரும் போனோம். ஆறுக்குட்டி வீட்டு முன்னால் வரிசை நின்றது. ஒருத்தி "உக்காரு கண்ணு" என்றாள். ஒருவர் பட்டாளத்தில் இருந்தவர், அவர் போட்ட சத்தத்தில் ஜாங்கிரிக்குப் பதில் கைக்குழந்தை ஒன்று அழுதது. பழக்கதோஷத்தில் "வாங்க, உக்காருங்க, காபி குடிக்கறீங்களா" என்றுவிட்டாள் ஒருத்தி. அது செல்லுமா செல்லாதா என்று அரைமணி நேரம் பேசி, காபியை மட்டும் தள்ளுபடி செய்தார்கள். நானும் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் ஒரு தடவை சொல்லிவிட்டு வந்தேன். நான் சொன்னபோது அது லேசாகக் குனிந்த மாதிரி இருந்தது. யாரும் நம்பவில்லை.

இத்தனை பேர் தன்னைப் பார்க்க வந்ததில் ஜாங்கிரிக்கு ஒரே சந்தோஷம். உட்கார நேரமேது?

சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால், பரீட்சை வைக்கும் மேனேஜரைத் தவிர அதை உட்காரச் சொல்லும் உரிமையுள்ள ஆள் எங்கள் நகரில் மிச்சமில்லை. ஆறுக்குட்டி ஒரு பையில் ஜாங்கிரியின் தட்டு, அது கடிக்கும் செருப்பு, அதன் போர்வை எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். ஒவ்வொன்றையும் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டில் கதவு இல்லாததால் எல்லாம் எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூட மைதானத்தில் நகரே கூடியது. மேனேஜர் புது வேட்டியில் வந்து நாற்காலியில் அமர்ந்தார். மாஸ்டர் கொஞ்சம் தள்ளி, வண்டிச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஜாங்கிரி நடுவில். பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆறுக்குட்டி.

"ம், ஆரம்பிங்க. உக்காரச் சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

"நான் சொல்லியாச்சுங்க" என்றார் ஆறுக்குட்டி.

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமைங்க."

மேனேஜர் அவரைப் பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்தார். "நானும் செவ்வாய்க்கிழமையே சொல்லிட்டனுங்க" என்றார் தலைவர். துணைத் தலைவரும் செயலாளரும் தாங்களும் அப்படியே என்று தலையாட்டினார்கள்.

"இங்க இத்தனை பேரு நிக்கறீங்க, யாராச்சும் ஒருத்தர் சொல்லக் கூடாதா?"

கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. நானும்தான். எனக்கு மட்டும் இரண்டாவது தடவை எங்கிருந்து வரும்?

ஆறுக்குட்டி சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. நாய்க்குக் கயிறு பிடித்திருக்கிற ஆள், கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்ளாமல் நின்றார்.

மேனேஜருக்கு வெயில் ஏறிவிட்டது. "என்னய்யா இது, ஆளாளுக்கு நட்டுவெச்ச மாதிரி நின்னுட்டே இருந்தா நான் என்ன பண்றது? எல்லாரும் முதல்ல உக்காருங்க!"

மேனேஜர் சொல்லி யார் தட்டுவது? நாற்பத்து மூன்று வீடும் அப்படியே மண்ணில் உட்கார்ந்தது. ஆறுக்குட்டியும் உட்கார்ந்தார். ஜாங்கிரி இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. தான் மட்டும் நிற்பது அதற்கே ஒரு மாதிரியாக இருந்திருக்க வேண்டும். அதுவும் உட்கார்ந்தது.

மேனேஜர் எழுந்து மெல்ல அதன் அருகில் வந்தார். அது அவரை அண்ணாந்து பார்த்தது. வால் மண்ணைப் பெருக்கியது. தாவவில்லை.

"தேறிருச்சு" என்றார் மேனேஜர், நம்ப முடியாமல்.

அது மறுபடி எழுந்துகொள்வதற்குள் மாஸ்டர் ஓடிவந்து சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டார்.

ஆறுக்குட்டிக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. மண்ணிலிருந்து எழுந்து ஒரே பாய்ச்சலில் மேனேஜர் மேல் ஏறிவிட்டார். வேட்டியில் இரண்டு கால் தடம், சட்டையில் இரண்டு கைத்தடம், கன்னத்தில் ஒரு முத்தம்.

மேனேஜர் கன்னத்தைத் துடைத்தார். வையாபுரி தொண்டையைக் கனைத்தார்.

"சொல்றனேன்னு தப்பா நினைக்காதீங்க. அது தாவினா தோட்டம். ஆறுக்குட்டி தாவினா ஒண்ணுமில்லீங்களா?"

"அதானே. ஆளுக்கொரு நியாயமுங்களா?" என்றார் நஞ்சப்பன்.

"கொட்டாய் வேற போட்டு வெச்சாச்சு. சும்மா கிடக்கும்" என்றார் தலைவர்.

எல்லோரும் ஆறுக்குட்டியைப் பார்த்தார்கள். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "நியாயந்தானுங்க. பதினஞ்சு நாளு படிச்சும் எனக்கு வரலையே" என்றார். மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேட்டியைக் குனிந்து பார்த்தார். அப்படியே கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஆறுக்குட்டியைப் பேருந்து நிலையத்தில் மாலை போட்டுத் தோட்டத்துக்கு வழியனுப்பினார்கள். "போறதுதான் போறீங்க, அந்தக் கதவை மாட்டிப்போட்டுப் போங்க" என்று மயிலாத்தாள் முந்தின நாளே சொல்லிவிட்டதால், அந்த வேலை முடிந்திருந்தது. அதில் எனக்குப் பெரிய நிம்மதி. ஜாங்கிரியும் வந்திருந்தது. யார் மேலும் தாவவில்லை. ஆறுக்குட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து, வண்டி திரும்பும்வரை அதையே பார்த்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் சங்கத்துக்கு ஒரு சிக்கல் வந்தது. நான்கு பேர் இல்லாவிட்டால் சங்கம் செல்லாது என்று விதி. யோசித்து, ஜாங்கிரியையே உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்த பிறகு பார்த்தால், அங்கே இருக்கும் நால்வரில் சான்றிதழ் உள்ளது அது ஒன்றுதான். தீர்த்தகிரி மரியாதை தெரிந்தவர். தானாகவே எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தார்.

ஆறுக்குட்டியைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாமா என்று மாதா மாதம் தீர்மானம் கொண்டுவருகிறார்கள். வையாபுரி எழுதிவைத்திருக்கும் நோட்டை ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது நானே படித்தேன். "தலைவர் ஜாங்கிரி அவர்கள் இது குறித்து எதுவும் கூறவில்லை. எனவே தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது." இதோடு ஐந்து மாதம்.

மனசு கேட்காமல் நேற்று மயிலாத்தாளின் போனை வாங்கி, "என்னங்கண்ணா இது அநியாயம், நீங்களாவது ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுங்களா?" என்று ஆறுக்குட்டியிடமே கேட்டுவிட்டேன்.

"அவசரப்படுத்தாதீங்கம்மா" என்றார் அவர். "இப்பத்தான் பொறுப்புக்கு வந்திருக்குது. நாலையும் யோசிச்சுத்தானே அது சொல்லோணும்?"